உருகும்போது சூட்டை விழுங்கும் பொருள்கள்: எங்கே எடுபடும், எங்கே எடுபடாது?

'வெப்ப பேட்டரி', 'ஐஸ் பேட்டரி', 'கரண்ட் இல்லாமல் வீட்டைக் குளிர வைக்கும் மெழுகுச் சுவர்' என்றெல்லாம் கொஞ்ச காலமாகச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஃபின்லாந்தின் மணல் பேட்டரியும் ஸ்பெயினின் உருகிய உப்புத் தொட்டியும் அதே மூட்டையில் சேர்ந்து வருவதால், எது எந்த வகை, எது நம் ஊருக்கு ஆகும் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை.

இவற்றில் ஒரு வகை, உருகும்போது வெப்பத்தை வாங்கி வைத்து உறையும்போது திருப்பிக் கொடுக்கும் பொருள்கள். நிலைமாற்றப் பொருள்கள் என்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் வாயில் பி.சி.எம். இவை எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கும் என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் போடுகின்றன. பயன்படுத்துகிறவர் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: எந்தச் சூட்டில் உருகும், உருகியது மறுபடி உறைய எப்போது வாய்ப்புக் கிடைக்கும். எங்கே இது கைகொடுக்கிறது, எங்கே வெறும் சுமையாகிறது என்பதை இந்த இரண்டுமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

வெப்பமானி அசையாத நேரம்

1 கிலோ தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இது நேர்க்கணக்கு: பத்து டிகிரி என்றால் பத்து மடங்கு. ஐஸ் உருகும்போதுதான் கணக்கு மாறுகிறது. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ ஐஸை அதே 0 டிகிரியில் தண்ணீராக்க மட்டும் 334 கிலோஜூல் செலவாகும். அவ்வளவு வெப்பம் உள்ளே போயும் வெப்பமானி ஒரு கோடுகூட ஏறாது. அதே 334 கிலோஜூலை 0 டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்தால் கை வைக்க முடியாத 80 டிகிரிக்குச் சூடாகிவிடும்.

போன வெப்பம், மூலக்கூறுகளை அடுக்காகப் பிடித்து வைத்திருந்த கட்டைத் தளர்த்தச் செலவானது. பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதுதான். தண்ணீர் மறுபடி ஐஸாகும்போது அந்த 334 கிலோஜூலும் ஒரு குறையுமில்லாமல் வெளியே வந்தாக வேண்டும்.

இதை முதலில் அளந்து சொன்னவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில், ஒரு குடுவையில் ஐஸ், இன்னொன்றில் அதே எடைக்கு ஐஸ் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் என்று எடுத்து, ஒரே அறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் எட்டிய சூட்டை, ஐஸ் இருந்த குடுவை எட்டப் பத்தரை மணி நேரம் பிடித்தது.

நம் வீட்டிலேயே ஒரு பி.சி.எம். இருக்கிறது: தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரியில் உருகும். மார்கழிக் காலையில் ஓசூரிலோ ஊட்டியிலோ உறைந்து கிடக்கும் பாட்டிலை வெயிலில் வைத்துப் பார்த்தால், அடியில் வெள்ளைக் கட்டி இருக்கும்வரை மேலே தெளிந்த எண்ணெய் அவ்வளவாகச் சூடேறாது. கட்டி கரைந்த பிறகுதான் பாட்டில் கையைச் சுடத் தொடங்கும். ஆனால் அது பல கொழுப்புகளின் கலவை என்பதால் ஒரே புள்ளியில் சட்டென்று உருகாது. கொஞ்சம் இளகி, கொஞ்சம் கெட்டியாகி இழுத்தடிக்கும். தொழிற்சாலையில் செய்யப்படும் பி.சி.எம்.களைச் சுத்திகரிப்பது முக்கியமாக இந்த இழுபறியைக் குறைக்கத்தான்.

முதலில் செய்திகளைப் பிரித்துக்கொள்வோம்

ஃபின்லாந்தின் மணல் பேட்டரியில் எதுவும் உருகுவதில்லை. மணலையோ நொறுக்கிய கல்லையோ பல நூறு டிகிரிக்குச் சூடேற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்பெயினின் சூரிய மின்நிலையங்களில் இருக்கும் உப்பு உருகிய நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் வெப்பம் சேர்வது உருகுவதால் இல்லை. 2008-ல் இயங்கத் தொடங்கிய ஆண்டசோல் நிலையத்தில் சுமார் 28,500 டன் நைட்ரேட் உப்புக் கலவை எந்நேரமும் திரவமாகவே இருந்து, சூடான தொட்டிக்கும் சற்றுக் குறைந்த சூடுள்ள தொட்டிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. அது உறைந்துவிட்டால் குழாய் அடைத்துப் போகும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது கெட்ட கனவு.

திரும்ப எழுதக்கூடிய டிவிடியிலும் நிலைமாற்றப் பொருள் என்றொரு பூச்சு உண்டு. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அது தகவலைச் சேமிப்பது.

உண்மையாகவே உருகி உறைந்து வேலை செய்பவற்றை உருகுநிலை வரிசையில் சொன்னால் இப்படி வரும். உப்புக் கரைசல்கள் பூஜ்யத்துக்குக் கீழே. சமையல் உப்பைச் சரியான விகிதத்தில் கலந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரியில்தான் உறையும். ஐஸ்கிரீம் வண்டிகளின் சுவரில் பதிக்கப்படும் யூடெக்டிக் தகடுகளுக்குள் இருப்பது இந்த ஜாதிதான்: இரவெல்லாம் உறைய வைத்து, பகலெல்லாம் என்ஜின் உதவியில்லாமல் குளிரைக் கொடுக்கும். பூஜ்யத்தில் ஐஸ். அதற்கு மேலே பாரஃபின் மெழுகுகள். மூலக்கூறுச் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து 6 டிகிரியில் உருகுவது, 18-ல் உருகுவது, 28-ல் உருகுவது என்று கேட்ட எண்ணுக்குக் கிடைக்கும். தண்ணீரைத் தன் படிகத்துக்குள் பிடித்து வைத்திருக்கும் உப்புகள் 30-லிருந்து 60 டிகிரி வாக்கில் உருகுகின்றன. அவற்றுள் சோடியம் அசிட்டேட் 58 டிகிரிக்காரர். உச்சியில் உலோகங்கள்: அலுமினியம் 660, சிலிக்கான் 1,414 டிகிரி.

ஒரு பி.சி.எம். தேற வேண்டிய சோதனைகள்

1. உருகுநிலை, வேலைக்குப் பொருந்த வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் பொருள் தன் வெப்பநிலையை விட்டு நகராது என்பதால், மின்சாரமோ சென்சாரோ இல்லாமல் தன்னைச் சுற்றி இருப்பதையும் அதே எண்ணின் பக்கத்தில் பிடித்து வைக்கும். இந்தக் குணத்துக்காகத்தான் பலரும் காசு கொடுக்கிறார்கள். வெப்பத்தை நிறையப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஐஸை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. பாரஃபின் மெழுகு கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல்தான் பிடிக்கும்.

2. உருகியது உறைய வேண்டும். முழுதாக உருகிய பி.சி.எம்., மறுபடி உறையாதவரை சாதாரணத் திரவம். நாள்தோறும் ஒரு முறையாவது அதைவிடக் குளிர்ந்த ஏதோ ஒன்று, போதுமான நேரத்துக்கு, அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

3. வெப்பம் உள்ளே போய் வர வழி வேண்டும். மெழுகு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அலுமினியம் அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்துகிறது. மெழுகுக் கட்டியின் ஓரம் உருகிய பிறகும் நடுப்பகுதிக்குச் சேதி போய்ச் சேராது. அதனால்தான் கிராஃபைட் கலப்பது, உலோகத் தகடு செருகுவது, நுண்ணிய உறைகளில் அடைப்பது என்று இத்தனை ஜோடனை. விலையில் கணிசமான பகுதி மெழுகுக்கு இல்லை, இந்த ஏற்பாடுகளுக்குத்தான்.

4. ஆயிரக்கணக்கான முறை உருகி உறைந்தும் கெடக்கூடாது. இதில் கோட்டைவிட்ட கதை ஒன்று உண்டு.

1948-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில், சூரிய வெப்பத்தை மட்டும் நம்பி ஒரு வீடு கட்டினார்கள். வெப்ப அமைப்பை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸ், வீட்டை வடிவமைத்தவர் எலினார் ரேமண்ட், பணம் போட்டவர் அமீலியா பீபாடி. மூவரும் பெண்கள் என்பது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கருப்புத் தகடுகளில் வெயில் விழும். சூடான காற்று, கிளாபர் உப்பு (படிகத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் சோடியம் சல்ஃபேட்) நிரப்பிய டிரம்களைச் சுற்றி வரும். சுமார் 32 டிகிரியில் உருகும் அந்த உப்பு, இரவில் உறைந்து வீட்டுக்குச் சூடு கொடுக்கும். முதலிரண்டு குளிர்காலம் ஓடியது. அப்புறம் உப்பு உருகும்போதெல்லாம் தண்ணீர் சேராத ஒரு பகுதி கனமாகி அடியில் படிந்தது. உறைய வேண்டிய நேரத்தில் மேலே இருந்த நீரோடு அது மறுபடி கூடவில்லை. டிரம்களும் துருப்பிடித்து ஒழுகின. சில ஆண்டுகளில் அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான வெப்ப அடுப்பை வைத்தார்கள்.

உப்புகளிடம் இன்னொரு முரண்டும் உண்டு: உறைய வேண்டிய சூட்டுக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருப்பது. கைகளைச் சூடாக்கும் சிறு பைகள் இந்தக் குறையையே பிழைப்பாக்கிக்கொண்டவை. உள்ளே சோடியம் அசிட்டேட் கரைசல் அறை வெப்பநிலையில் அப்படியே கிடக்கும். அதிலுள்ள சிறு உலோகச் சில்லை 'டிக்'கென்று மடக்கினால் அந்த இடத்தில் ஒரு படிகம் முளைத்து, சில நொடிகளில் பை முழுக்க வெள்ளையாகக் கெட்டியாகி 50 டிகிரிக்கு மேல் சுடும். ஸ்காட்லாந்தின் சனாம்ப் நிறுவனம் வெந்நீர்க் கொதிகலனுக்குப் பதிலாக விற்கும் வெப்ப பேட்டரியில் இருப்பதும் இதே சோடியம் அசிட்டேட்தான். அங்கே மாறியது உப்பு இல்லை. அது பிரிந்து படியாமலும் முரண்டு பிடிக்காமலும் இருக்கச் சேர்க்கப்படும் பொருள்கள்.

தடுப்பூசிப் பெட்டி: மிகையான குளிரும் ஆபத்து

முதல் சோதனையின் அருமை தெரிய வேண்டுமானால் தடுப்பூசிப் பெட்டியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தால் கெடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட், டெட்டனஸ் போன்ற ஊசிகளில் இருக்கும் அலுமினிய உப்பு ஒரு தடவை உறைந்தாலே திரிந்துவிடும். பிறகு உருக வைத்தாலும் வீரியம் திரும்பாது.

சிக்கல் என்னவென்றால், டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். அதை அப்படியே கேரியரில் அடுக்கினால் ஓரத்தில் இருக்கும் குப்பிகள் உறைந்துவிடும். அதனால் கிராம சுகாதார செவிலியர் காலையில் ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் பரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். மேலே முத்து முத்தாக வேர்த்த பிறகு, ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சலசலத்தால் ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது, பேக் 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கேரியருக்குள் போகலாம். எட்டு மணிக்குக் கிளம்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நாளில் இந்தக் காத்திருப்பு எத்தனை இடத்தில் நடக்கும் என்பது நியாயமான சந்தேகம்.

ஐஸுக்குப் பதில் 5 டிகிரி வாக்கில் உருகும் பி.சி.எம். பேக்கை வைத்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறைகிறது. அது உறையும்போதும் உருகும்போதும் நிற்பது 2-க்கும் 8-க்கும் நடுவில். ஆனால் விலை கூடுதல், கிலோவுக்குப் பிடிக்கும் குளிர் ஐஸைவிடக் குறைவு, அதை உறைய வைக்கத் தனிக் குளிர்பெட்டியும் வேண்டும். மைனஸ் 20-ல் போட்டுவிட்டு உடனே எடுத்தால் மறுபடி பழைய கதைதான். ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் இடையே ஒரு தடுப்பை வைத்து உறைவதைத் தவிர்க்கும் கேரியர்களும் வந்துவிட்டன. என் கணிப்பில், ஆரம்ப சுகாதார நிலைய அளவில் இந்தத் தடுப்பு வழிதான் முந்தும். விலை உயர்ந்த மருந்துகளைத் தூரம் அனுப்பும் தனியார் பார்சல்களில் பி.சி.எம். நிலைக்கும்.

பிறந்த குழந்தைகள் விஷயத்திலும் எண்தான் எல்லாம். குறைமாதக் குழந்தையின் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் மாணவர் குழு ஒன்றின் வகுப்புத் திட்டமாகத் தொடங்கி, பெங்களூரை மையமாக வைத்து வளர்ந்த 'எம்ப்ரேஸ்' கதகதப்புப் பை, 37 டிகிரியில் உருகும் மெழுகுப் பொதியைக் கொண்டது. ஒரு முறை சூடேற்றினால், சில மணி நேரம் மின்சாரம் இல்லாமலே குழந்தைக்கு அம்மாவின் உடல் சூட்டைக் கொடுக்கும். பொதி அதற்கு மேல் போய்ச் சுட்டுவிடுமோ என்ற பயம் குறைவு.

இதற்கு நேர் எதிர்த் தேவையும் உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை 33-34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதற்கான பி.சி.எம். படுக்கையை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோடு சேர்ந்து பிளஸ் என்ற இந்திய நிறுவனம் உருவாக்கியது, பெயர் மிராகிரேடில். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், இந்தக் குளிர்விப்புச் சிகிச்சையால் பலன் தெரியவில்லை, இறப்பும் கூடியிருந்தது. அங்கே பயன்பட்டது மின்சாரத்தில் இயங்கும் வேறு கருவி. படுக்கை வெப்பநிலையைச் சரியாகப் பிடிக்கிறது என்பது ஒன்று, அந்த வெப்பநிலை குழந்தைக்கு நல்லதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மட்டும்தான் மெழுகு பதில் சொல்லும்.

உடுப்பும் ஸ்கூட்டரும்

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கான குளிர் அங்கி பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. கணக்குப் போட்டால் அதன் எல்லை தெரிந்துவிடும். அங்கியில் 2 கிலோ பி.சி.எம். என்றால் 400 கிலோஜூல். கடும் உழைப்பில் உடல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 400 வாட் அளவுக்குப் போகும். அதில் கால் பங்கை, அதாவது 100 வாட்டை அங்கி வாங்கிக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். பிறகு கழற்றி ஐஸ் தண்ணீரில் போட்டு உறைய வைக்க வேண்டும். ஆலைக்குள் உலையருகே அரை மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு இது வரம். சித்திரை வெயிலில் நாள் முழுக்கச் சாலை போடுகிறவருக்கு, மாற்று அங்கியும் ஐஸ் பெட்டியும் நிழலும் கூடவே கிடைத்தால்தான் பயன். நிழலும் தண்ணீரும் ஓய்வும் கிடைக்கிற இடத்தில் அங்கி இல்லாமலேகூட ஓரளவு சமாளிக்கலாம்.

மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் 2022-ல் வரிசையாக வந்தபோது, பேட்டரி செல்களைச் சுற்றி மெழுகும் கிராஃபைட்டும் கலந்த அச்சு வைக்கும் முறையும் பேசப்பட்டது. வேகமாக ஓட்டும்போதும் சார்ஜ் ஏற்றும்போதும் எழும் திடீர்ச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டாவது சோதனையை நினைவில் வையுங்கள். 40 டிகிரியில் உருகும் மெழுகைப் போட்டால், வெயிலில் நிறுத்திய வண்டியில் கிளம்பும் முன்பே அது உருகி முடிந்திருக்கும். 50-ல் உருகுவதைப் போட்டால், பேட்டரி 50 டிகிரியை அடிக்கடி தொட்டு ஆயுள் குறையும். மெழுகே எரியக்கூடிய பொருள் என்பதும் இருக்கிறது.

நிலவில் இதே யோசனை நன்றாக வேலை செய்தது. 1971-ல் அப்போலோ 15 கொண்டுபோன நிலவு ஊர்தியில், மின்னணுக் கருவிகளின் சூட்டை மெழுகுப் பெட்டிகள் வாங்கிக்கொண்டன. வண்டி நின்ற பிறகு மூடியைத் திறந்து, குளிர்ந்த வானத்தை நோக்கி அந்தச் சூட்டை வெளியேற்றினார்கள். உறைவதற்கு அங்கே நேரமும் குளிரும் தாராளம்.

மெழுகுச் சுவர் சென்னைக்கு ஆகுமா?

சுவரிலும் கூரையிலும் பி.சி.எம். வைத்தால், பகல் சூட்டை அது வாங்கிக்கொண்டு இரவுக் காற்றில் உறையும் என்பது யோசனை. பெங்களூரில் ஏப்ரலில் பகல் 34 டிகிரி, இரவு 22 என்று வைத்துக்கொண்டால், 26-ல் உருகும் மெழுகு பகலில் உருகி இரவில் உறையும், வேலை நடக்கும். சென்னை மே மாதத்தில் பகல் 37-38, இரவு 28 வாக்கில். 26-ல் உருகும் மெழுகு அக்னி நட்சத்திரம் முடியும்வரை உறையவே உறையாது. சரி, 30-ல் உருகுவதைப் போடலாமே என்றால், இரவுக் காற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 2 டிகிரி. வெப்பம் வெளியேற வேகம் போதாது. அதோடு, 30 டிகிரிச் சுவர் அந்தப் புழுக்கத்தில் என்ன ஆறுதல் தரப்போகிறது?

கூரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டரில் கோடைநாளில் விழும் வெயில் ஏறத்தாழ 6 யூனிட் ஆற்றல். அதே இடத்தில் 10 கிலோ மெழுகு வைத்தால் அது பிடிப்பது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். வருகிற வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பல மடங்கு மலிவு. முதலில் பூச்சு, பிறகு நிழல், அதற்கப்புறம் காசு மிச்சமிருந்தால் மெழுகு.

மிக உயர்ந்த சூட்டில் வேலை செய்பவை வேறு உலகம். சிலிக்கான் கிலோவுக்குச் சுமார் 1,800 கிலோஜூல் பிடிக்கும், ஐஸைவிட ஐந்து மடங்கு. ஆனால் 1,414 டிகிரியில் அதைத் தாங்கும் பாத்திரம் வேண்டும், அதுவும் தண்ணீரைப் போல உறையும்போது விரிந்து பாத்திரத்தை உடைக்கப் பார்க்கும் பொருளுக்கு. ஆஸ்திரேலியாவில் 1414 டிகிரீஸ் என்ற நிறுவனம் சிலிக்கானிலும், எம்.ஜி.ஏ. தெர்மல் என்ற நிறுவனம் கிராஃபைட்டுக்குள் பதித்த அலுமினியத் துகள்களிலும் முயல்கின்றன. ஆலைகளுக்கு நீராவி தருவதுதான் அவர்கள் குறி.

ஏசியும் நேரத்துக்கேற்ற கட்டணமும்

நம் ஊரில் பெரிய மாற்றம் வரக்கூடிய இடம் ஏசி. அதன் அளவையே ஐஸிலிருந்து வந்தது. 1 டன் என்றால், 1 அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம். இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட். இயந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன் குளிர் என்றால் வெட்டி எடுத்த ஐஸ்தான். 1833-ல் ஃபிரடெரிக் டியூடரின் கப்பல் பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் கடலில் கிடந்து கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. மரத்தூள் போர்வையும் 334 என்ற அந்தப் பெரிய எண்ணும் சேர்ந்து செய்த வேலை. மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அந்த வியாபாரத்துக்காகக் கட்டிய கிடங்கு.

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் தரும் குளிரை ஐஸாகச் சேமிக்க வேண்டுமானால் 57 கிலோ வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏசி இழுக்கும் மின்சாரம் ஒன்றரை யூனிட் வாக்கில்; அதைப் பத்துப் பன்னிரண்டு கிலோ லித்தியம் பேட்டரியிலேயே வைத்துவிடலாம். ஆக வீட்டுக்குள் எடை, இடம் என்று பார்த்தால் ஐஸ் தோற்கும். பெரிய கட்டடத்தில் நிலைமை மாறும்: அடித்தளத்தில் இடம் உண்டு, ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரமான சில்லர் ஏற்கெனவே உண்டு, தண்ணீருக்கு விலை இல்லை, ஐஸ் தொட்டிக்குப் பேட்டரிபோல ஆயுள் தேய்வதும் இல்லை. நியூயார்க்கின் பேங்க் ஆஃப் அமெரிக்கா டவர், அடித்தளத்தில் 44 தொட்டிகளில் இரவில் ஐஸ் செய்து பகலில் உருக்கிக் குளிர்விக்கிறது.

அங்கே இரவு மின்சாரம் மலிவு. இந்தியாவில் இந்தக் கடிகாரம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, சூரிய மின்சாரம் கிடைக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் வணிக, தொழில் நுகர்வோருக்குக் குறைந்தது 20 விழுக்காடு கூடுதலாகவும் இருக்க வேண்டும். எந்த மணி எந்தக் கணக்கில் வரும் என்பதை மாநில ஆணையங்கள் முடிவு செய்யும். அப்படியானால் குளிரை நண்பகலில் செய்து வைத்து, சூரியன் இறங்கி எல்லோரும் ஏசி போடும் மாலையில் உருக்க வேண்டும்.

நண்பகலில் ஐஸ் செய்வதில் ஒரு இழப்பு உண்டு. வழக்கமாக 7 டிகிரித் தண்ணீர் தந்துகொண்டிருக்கும் சில்லரைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கினால் ஒவ்வொரு டன் குளிருக்கும் கூடுதல் மின்சாரம் இழுக்கும். வெளிக்காற்று 38 டிகிரியில் இருக்கும்போது இன்னும் கூடும். இரவில் செய்தபோது குளிர்ந்த காற்று அந்த நட்டத்தில் கொஞ்சத்தை ஈடுகட்டியது. இங்கேதான் ஐஸைவிடப் பலம் குறைந்த, 5-லிருந்து 10 டிகிரியில் உறையும் பி.சி.எம்.களுக்கு வாய்ப்பு: கிலோவுக்குக் குறைவாகப் பிடித்தாலும், சில்லரை அவ்வளவு கீழே இறக்கத் தேவையில்லை. 20 விழுக்காட்டுச் சலுகையும் உச்ச நேரக் கூடுதலும் சேர்ந்து, தொட்டிக்கும் பி.சி.எம்.முக்கும் ஆகும் செலவைத் தாண்டுமா என்பதுதான் ஒவ்வொரு கட்டடத்திலும் போட வேண்டிய கணக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் இல்லாத அலுவலகத்தில் தாண்டாது. இரவுப் பணி நடக்கும் ஐ.டி. வளாகம், மருத்துவமனை, திரையரங்குள்ள மால் போன்ற இடங்களில் தாண்ட வாய்ப்பு உண்டு.

வீடுகளுக்கு இது இப்போதைக்கு எட்டாது. விவசாயம் தவிர்த்த மற்ற எல்லா நுகர்வோருக்கும் 2025 ஏப்ரல் முதல் நேரத்துக்கேற்ற கட்டணம் என்று விதி சொன்னாலும், அது நடைமுறைக்கு வர ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மொத்த யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டு போகும் வீட்டில், மதியம் உறைய வைத்தாலும் நள்ளிரவில் உறைய வைத்தாலும் பில் ஒன்றுதான்.